அப்பாவைக் கொண்டுபோய் விட்ட தூரம்

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது வேலை. அவளுடைய விடுமுறை நாளெல்லாம் ஆகாயத்திலேயே கரைந்துகொண்டிருந்தது.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியது. ஆறு மாதம் அவள் வீட்டில், ஆறு மாதம் தம்பி வீட்டில் என்று ஏற்பாடு. இரண்டு ஊருக்கும் நடுவே விமான வழியில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். பேசி முடித்தபோது சுலபமாகத்தான் தெரிந்தது. தம்பிக்கு லீவு கிடைக்காது. கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் அவள் தலையில் விழுந்தன.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். விமானத்தில் பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்துவிடுவார். இருக்கை இருக்கையாகப் பிடித்து நடந்து, "உள்ள தள்ளிப் போங்க... டிக்கெட் வாங்காதவங்க யாரு?" என்பார். முதல் தடவை அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு பின்னாலேயே போய், "எல்லாரும் வாங்கிட்டாங்கப்பா, வந்து உக்காருங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான் பேசாமல் போர்டிங் பாஸை நீட்ட, அப்பா ஓரத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஐந்தாவது பயணத்தில் அவர் எழுந்திருக்கவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. பாதி வழியில் அவள் பக்கம் திரும்பி, பயணியிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஏம்மா, நீங்க எங்க இறங்கணும்?"

"உங்ககூடத்தாம்பா."

"டிரிப் முடியவே மாட்டேங்குதே. மாத்து ஆள் வரலையா?"

அவள் அவர் கால்களை மடியில் எடுத்து வைத்து அமுக்கிவிட்டாள்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும், காத்திருந்த தம்பிக்கு முகம் செத்துப்போனது.

"என்னக்கா, இப்படி ஆயிட்டாரு?"

"இனிமே இவர இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம்டா. இங்கயே இருக்கட்டும்."

"அப்ப நீ?"

"நான் வந்து பாத்துக்கறேன்."

எப்போது வரமுடியும் என்று அவளுக்கே தெரியாது. தம்பி அப்பாவின் பையை வாங்கிக்கொண்டான்.

நான்கு நாள் இருந்து, எந்த மாத்திரை எப்போது என்று தம்பி மனைவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பா மதியம் கண்ணயர்ந்திருந்தபோது கிளம்பினாள். முன்பும் இப்படித் தனியாகத் திரும்பியிருக்கிறாள். அப்போதெல்லாம் அடுத்த தடவை எப்படிக் கூட்டி வருவது என்ற கவலை கண்ணை மூட விடாது. இந்த முறை ஒரு மூச்சு அழுதுவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டவள், அப்படியே தூங்கிப்போனாள். சாப்பாட்டு வண்டி வந்து போனது தெரியவில்லை. தரையிறங்கிய பிறகு பணிப்பெண் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. அடித்துப் போட்டாற்போல அப்படித் தூங்கி வருஷக்கணக்காகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தூங்கியதை மட்டும் சொல்லவில்லை.