நாடகத்தில் காட்டாத கேள்வி

டிவியில் கோர்ட் நாடகம் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தை விட்டுவிடுகிறார்கள். கூண்டில் நிற்கிறவனிடம் முதன்முதலில் கேட்கும் கேள்வி அது. உன்மேல் இப்படி ஒரு குற்றம் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்கிறாயா, இல்லையா? அதைக் கேட்கும்போது யாரும் மேஜையைத் தட்டுவதில்லை. மின்விசிறிச் சத்தத்தில் பாதிக் கேள்வி காதில் விழாது. பதிலுக்கு ஒரு மூச்சு நேரம்தான். அதனால் அதில் சுவை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்தச் சுவை தெரிந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊரில் இருந்த காலத்தில். சுவை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது வெறும் பயம்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுபதுகளில் ஒரு இடத்தில் நிலைத்து நின்றதில்லை. லாரியில் கிளீனராக ஓடினேன். உப்பளத்தில் பாதம் வெந்து தோல் உரிந்ததும் அங்கிருந்து கிளம்பினேன். ஓர் ஊரில் கோர்ட் வாசலில் இருந்த டீக்கடையில் வேலை கிடைத்தது. வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் டீ கொண்டுபோவேன். காலி கிளாசுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கதவோரம் நின்று உள்ளே பார்ப்பேன். கோர்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கதவோரத்துப் படிப்புதான்.

அங்கே ஒருநாள் பார்த்ததை மறக்கவில்லை. கிராமத்து ஆள் ஒருவர், ஏதோ வரப்புத் தகராறு. அந்த முதல் கேள்வியைக் கேட்டதும் கைகூப்பி, "தப்புதான் சாமி" என்றார். சீக்கிரம் சொல்லிவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருப்பார். எழுதிக்கொண்டார்கள். பக்கத்துக் கதவு வழியாகப் போலீஸ்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். முன்வாசலில் அவர் பெண்சாதி குடையை மடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன்.

அந்த வேலையும் விட்டுப்போய், பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினேன். மீன் ஏலத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்தவனைத் தோணிரேவுப் படகுக்காரர் ஒருவர் தன் வலைக்கு ஆளாகச் சேர்த்துக்கொண்டார். வெளியூர்க்காரனை வலையில் சேர்ப்பது அங்கே வழக்கமில்லை. அவருக்கு ஆள் குறைவு, எனக்குச் சோறு குறைவு, அதனால் ஒத்துப்போயிற்று. அவரை அண்ணே என்றும் அவர் பெண்சாதியை அண்ணி என்றும் கூப்பிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஊர்ப் பொதுக் கட்டடத்துக்கு ஒரு டிவி வந்தது. வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கோர்ட் நாடகம் போட்டார்கள். ஏரிக்காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். யாராவது ஒருவர் கம்பத்தைப் பிடித்தபடி வெளியே நிற்க வேண்டும். அவருக்கு உள்ளேயிருந்து கதை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நாடகத்தில் ஒரு கொலை வழக்கு. கறுப்பு கோட்டு வக்கீல் கையை வீசி நடப்பார், மேஜையில் அடிப்பார், திடீரென்று திரும்பி சாட்சியின் மூக்குக்கு நேரே விரல் நீட்டுவார். உடனே சாட்சி அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிடுவான்.

"இவ்ளோ கத்தறானே, இவன்தான் கொன்னுருப்பான்" என்றாள் அண்ணி.

"கம்முனு பாரு, அவுரு வக்கீலு" என்றார் அண்ணன்.

"வக்கீலுன்னா கொல்ல மாட்டானா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் டீ வாளியோடு நான் பார்த்த கோர்ட்டில் யாரும் அப்படிக் கத்தவில்லை. காத்திருந்தார்கள். பெயரைக் கூப்பிடும்போது வெற்றிலை துப்பப் போயிருப்போமோ என்ற பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தார்கள். காத்திருப்பதைக் காட்டினால் பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நாடகக்காரர்களுக்குப் பயம் இருக்கலாம்.

அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அண்ணன் மேல் வழக்கு வந்தது.

ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் எந்த வலை அங்கே இறங்குவது என்று முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எங்கள் பாட்டு நாளில் நாங்கள் போனபோது பக்கத்து ஊர்ப் படகு ஒன்று அங்கே வலையை இறக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கணக்கில் அது அவர்கள் முறை. பேச்சு முற்றி, வலையை இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் இழுத்தார்கள். படகுகள் மோதின. அந்தப் படகில் இருந்தவர் கால் வழுக்கி, எங்கள் படகின் விளிம்பில் கை மடங்க விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அண்ணன் கையில் படகு தள்ளும் கழி இருந்தது உண்மை. அதை அவர் ஓங்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் கழியால் அடித்து எலும்பை முறித்தார் என்று புகார் எழுதப்பட்டது. ஜாமீனில் வந்தார், பொன்னேரி கோர்ட்டில் வழக்கு.

வக்கீல் நல்ல மனிதர்தான். படியில் இறங்கிக்கொண்டே, "கேட்டா இல்லைனு மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணனும் பெரிதாகத் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை வரவில்லை. காரணம் இருந்தது.

அந்தக் கரையில் ஊர்க்கூட்டம் என்று ஒன்று உண்டு. சண்டையோ, பாட்டுத் தகராறோ, கல்யாணச் செய்தியோ, எதுவானாலும் அங்கேதான். சபையில் பேச எழுகிறவன் யாராக இருந்தாலும், குற்றம் சொல்கிறவனானாலும் சொல்லப்பட்டவனானாலும், முதலில் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட வேண்டும். "சபையில தப்பு இருந்தா மன்னிக்கணும்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் பேச்சு காதில் ஏறும். அது குற்றத்தை ஒத்துக்கொள்வது அல்ல. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போல. அதைச் சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தவனைத் திமிர் பிடித்தவன் என்று உட்கார வைத்துவிடுவார்கள். அண்ணன் அந்த வழக்கத்திலேயே தலை நரைத்தவர்.

கோர்ட்டும் அவர் கண்ணுக்கு ஒரு சபைதானே?

ஒரு மத்தியானம் வலை காயப்போட்ட இடத்தில் அவரை நிற்க வைத்தேன். நான் கவிழ்த்த மீன்கூடையின் மேல் உட்கார்ந்து மாஜிஸ்திரேட் ஆனேன். அண்ணி வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கழியால அடிச்சு கைய ஒடச்சதா சொல்றாங்க. குத்தத்த ஒத்துக்கறியா?"

அண்ணன் துண்டை இடுப்பில் கட்டினார். மணலில் விழுந்தார். "சபையில தப்பு இருந்தா மன்னிக்கணும்."

"அண்ணே, அப்பிடிச் சொன்னா உள்ள போட்டுடுவாங்க!"

"இன்னாடா பேஜாரு இது. மொதல்ல மன்னிப்பு கேக்காம எப்பிட்றா வாயத் தொறக்கறது? பெரிய மனுசன் உக்காந்துகினு கீறாரு, மருவாதி வாணாமா?"

"மருவாதி வேற. அங்க மன்னிப்புனு சொன்னா, அடிச்சேன்னு அர்த்தம்."

"நான்தான் அடிக்கவே இல்லையே. அது உனுக்கே தெரியும்."

"எனுக்குத் தெரியும். இந்தக் கூடை மேல உக்காந்திருக்கறவருக்குத் தெரியாது."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "ஜட்ஜய்யா, கூட நசுங்குது, எழுந்திரு. யோவ், நீ 'இல்ல'ங்கற ஒரு வார்த்தய சொல்றதுக்கு இன்னா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கி என்னயே புடிக்கலைனு சொன்ன வாயிதான?"

"அது பொய்யிடி" என்றார் அண்ணன்.

மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். சில தடவை சரியாகச் சொன்னார். "இல்லீங்கய்யா, நான் அடிக்கல." சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொள்வார், ஏதோ மரியாதை கெட்ட காரியம் செய்துவிட்டதைப் போல. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டால் போதும், கை தானாகத் துண்டுக்குப் போய்விடும்.

நாடகத்தில் அந்த இடத்தை ஒருமுறையாவது காட்டினால் அவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். வாரா வாரம் முன்னால் போய் உட்கார்ந்தேன். குற்றவாளிக்கு முன்கதை காட்டினார்கள், அவன் அம்மாவைக் காட்டினார்கள், வக்கீலின் கல்யாணத்தைக்கூடக் காட்டினார்கள். அந்தக் கேள்வியைக் காட்டவில்லை. ஊர்ப் பையன்கள் அண்ணனைச் சீண்டினார்கள். "அண்ணாத்த, வசனம் ரெடியா? கூண்ட ஒட்சிடாத!" அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். அவர் ஜெயிலுக்குப் போனால் அண்ணிக்கு இரண்டு சிறுசுகள், வலைக்கு என்னைத் தவிர ஆள் இல்லை, பாட்டு முறையும் கைமாறிவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வழக்கு நாளன்று முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போனோம். வராந்தாவில் நின்றோம், பிறகு குந்தினோம், பிறகு மறுபடி நின்றோம். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் அண்ணன் உள்ளே போனார். நான் பழைய வழக்கப்படி கதவோரம் நின்றுகொண்டேன்.

மாஜிஸ்திரேட் களைத்துப்போயிருந்தார். தாளைப் பார்த்தபடியே குற்றச்சாட்டைச் சொன்னார். இன்ன இடத்தில், இன்னாரை, கழியால். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு கேட்டார்: "குற்றத்தை ஒத்துக்கறியா?"

அண்ணன் கை துண்டுக்குப் போனது.

இடுப்பில் கட்டினார். கூண்டுக்குள் விழ இடமில்லாததால் கட்டையின் மேல் நெற்றி படும்படி குனிந்தார். "சபையில தப்பு இருந்தா மன்னிக்கணும்" என்றார், தெளிவாக, ஊர்க்கூட்டத்தில் சொல்வது போலவே. நான் பார்த்துக்கொண்டிருந்தது மாஜிஸ்திரேட் கையை. பேனா தாளைத் தொட்டுவிட்டது. எங்கள் வக்கீல் எழுந்து, "யுவர் ஆனர்" என்றார். எனக்கு முன்வாசலும் அந்த மடக்கிய குடையும் கண்முன் வந்தன. கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட் வக்கீலைக் கையமர்த்தினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"நீ அவரை அடிச்சியா?"

"இல்லீங்கய்யா. அவுரு வழுக்கி உயுந்தாரு."

"அடிக்கலைன்னா எதுக்கு மன்னிப்புக் கேக்கறே?"

அண்ணன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "சபையில நின்னா கேக்கணுமே, அய்யா. அதுக்கப்புறம்தான வயக்கே?"

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "அப்போ குற்றத்தை ஒத்துக்கலை. சரிதானா?"

"ஒத்துக்கலீங்க."

"இந்த சபையில மன்னிப்பெல்லாம் வேண்டாம். துண்ட அவுத்துத் தோள்ல போட்டுக்கோ" என்றவர், பேனாவை எடுத்து எழுதினார். என்ன எழுதினார் என்று வக்கீல் நிம்மதியாக உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. கதவுக் கட்டையை அப்போதுதான் விட்டேன். மூத்திரம் போய்விட்டு வந்தேன்.

பின்னால் எத்தனையோ கோர்ட் நாடகங்கள் பார்த்தேன். எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று சொல்ல எனக்கு வேறு அளவுகோல் கிடையாது. உண்மையான கோர்ட்டைப் போலக் கட்டை, கூண்டு, அங்கி எல்லாம் வைத்துவிடலாம். சட்டப் புத்தகத்தைப் பார்த்து வசனமும் எழுதலாம். ஆனால் கூண்டில் நிற்கிறவனுக்கு அந்த இடத்தின் பேச்சு புரியாது, அவன் பேச்சு அந்த இடத்துக்குப் புரியாது, நடுவில் ஒரு பேனா காத்திருக்கிறது என்பதைக் காட்டினால்தான் நான் நம்புவேன். அதைக் காட்டினால் மேஜையை அடிக்க வேண்டியதில்லை. ஆன்டெனா பிடிக்கிறவன்கூடக் கம்பத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவான்.

வழக்கு பிறகு சில வாய்தாக்கள் இழுத்தது. கை முறிந்தவர் சாட்சி சொல்ல வந்தார். வக்கீல் அவரிடம் அடங்கிய குரலில், "விழறதுக்கு முன்னாடி அடி விழுந்ததா, விழுந்த அப்புறம் வலிச்சதா?" என்று கேட்டார். அவர் யோசித்தார். நாடகமாக இருந்தால் அழுதிருப்பார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த கலாட்டால இன்னான்னு சொல்றது, உயுந்தேன், அப்புறம் கைய தூக்க முடில. அவுரு கையில கழி இருந்திச்சி, அதான் அவுரு அடிச்சாருன்னு நெனச்சிக்கினேன்" என்றார். பொய் சொல்ல வந்தவர் அல்ல அவர். வலியில் நினைத்துக்கொண்டவர்.

தீர்ப்பு நாளில் அண்ணியும் வந்தாள். சாயங்காலம் ஆகிவிடும் என்று ஒரு தூக்கு நிறையச் சோறும் மடவைக் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே எங்களை முதலிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். மாஜிஸ்திரேட் இரண்டு வரி படித்தார், விடுதலை என்றார், அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்தார். அண்ணன் அசையாமல் நின்றார். டவாலி வந்து தோளைத் தொட்டு, "முடிஞ்சிதுபா, போ" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணி அப்போதுதான் சேலைத் தலைப்பால் இடத்தைத் தட்டி உட்காரப் போனாள். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னா, மறுபடி வாய்தாவா?"

"இல்ல, உட்டுட்டாங்க" என்றார் அண்ணன்.

"உட்டுட்டாங்கன்னா?"

"உட்டுட்டாங்கன்னா உட்டுட்டாங்க. ஊட்டுக்குப் போவலாம்."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "அதுக்குள்ளவா? இதுக்காய்யா விடியறதுக்குள்ள எய்ந்து அடுப்பு மூட்டினேன்?" என்று திட்டிக்கொண்டே தூக்கின் மூடியைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அப்போது காலைப் பசிகூட வந்திருக்கவில்லை. இருந்தாலும் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து, தூக்கு காலியாகும் வரை சாப்பிட்டோம்.