தடம் சுத்தம்

மகாராஜபுரத்துச் சமுத்திரத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. பேர்தான் சமுத்திரமே தவிர, அந்த மனுஷன் கடலைக் கண்ணால் கண்டதில்லை. பிளவக்கல் அணையை ஒட்டிய மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் விழுந்த தேங்காயைப் பொறுக்கிக் குவிப்பதுமாகவே காலம் ஓடிவிட்டது.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் ஹெல்மெட்டும் முழங்காலில் கட்டுமாகப் பத்துப் பேர் கியர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் திக்குத் தெரியாமல் நின்றார்கள். சமுத்திரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சைக்கிள்ல நீங்க வந்தீகளா, உங்க மேல சைக்கிள் ஏறி வந்துச்சா?" என்று கேட்டார். கோபப்படாமல் கூடவே சிரித்தவன் ஜெபக்குமார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். முப்பது முப்பத்தொரு வயசு. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட சிநேகம்தான்.

ரிசர்வ் காட்டுக்குள் சக்கரம் போகக்கூடாது. போனால் ஃபாரஸ்ட்காரர்கள் சைக்கிளோடு ஆளையும் பிடித்து உட்கார வைப்பார்கள். அதனால் காட்டைத் தொடாமல், ஓடைக்கரை, பழைய மாட்டுவண்டிப் பாதை, தோப்பு வரப்பு எல்லாவற்றையும் கோத்துப் பதினாலு கிலோமீட்டருக்கு ஒரு தடம் போட்டுக் கொடுத்தார் சமுத்திரம். எங்கே பாறை வழுக்கும், எங்கே மணல் சக்கரத்தை இழுக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கல்லில் சுண்ணாம்பு வைத்தார். பள்ளிக்கூடத்தில் அஞ்சு தாண்டாத மனுஷன் போட்ட தடத்தில் ஓட்ட மதுரையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அவர்கள் கொடுத்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பும்போது, பெண்டாட்டி செல்லத்தாய் "மாப்பிள்ளை முறுக்கைப் பாரு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஞாயிறு தோறும் விடியுமுன்னே தடம் முழுக்க அவர் ஒருத்தராக நடந்து வருவார். விழுந்த மட்டையை இழுத்துப் போடுவார், கருவேல முள்ளைக் கூட்டித் தள்ளுவார். எல்லாம் முடிந்து மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று ஜெபக்குமாருக்குப் போன் போட்டு இரண்டே வார்த்தை சொல்வார்: "தடம் சுத்தம்." அந்த வார்த்தை வராமல் அணைப்பக்கத்தில் ஒரு சக்கரமும் உருளாது.

அந்தப் பக்கத்துத் தோப்புகளில் இன்னொரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் யானை வரும் வழியில் மரத்துக்கு மரம் மெல்லிசுக் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு முனையிலும் காலிப் பாட்டில்களில் கூழாங்கல் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். யானை நெஞ்சு பட்டால் பாட்டில் சலசலக்கும், காவல்காரர் எழுந்து வெடி போடுவார். விடிந்ததும் கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஒருவன் கட்டிய கம்பியை இன்னொருவன் தொடக்கூடாது. முன்னொரு தடவை பக்கத்துத் தோப்புக் கம்பியை அவசரத்துக்கு ஒருத்தன் அவிழ்த்துவிட்டுப் போக, யானை புகுந்து ஒரு வரிசைத் தென்னையையே சாய்த்துவிட்டது. அரிவாள் வரைக்கும் போன சண்டை அது. கடைசியில் கருப்பசாமி கோயில் திருநீற்றைத் தொட்டு எல்லாரும் சத்தியம் பண்ணினார்கள்: கட்டின கைதான் அவிழ்க்கணும். சமுத்திரமும் தொட்டிருக்கிறார்.

தடத்தின் பாதியில், இறக்கம் முடிகிற இடத்தில் கருத்தம்மாளின் மாந்தோப்பு. அறுபது வயசுக்காரி. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தோப்புக் குடிசையில் தனியாகக் கிடந்து காவல் பார்க்கிறவள். சமுத்திரத்துக்கு மதினி முறை. ஒரு மாசத்துக்கு முன்னால் சைக்கிள்காரர்களில் யாரோ இரண்டு பேர் சுண்ணாம்புக் குறியை விட்டு விலகி அவள் மிளகாய் நாற்றுக்குள் ஓட்டிவிட்டார்கள். கிழவி நடுத்தடத்தில் நின்று ஆடிவிட்டாள். "இன்னொரு சக்கரம் இந்தப் பக்கம் உருண்டுச்சு, ஒருத்தனும் முழுசா வீடு போய்ச் சேரமாட்டீக!" இந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி வேலி தாண்டினாலும் இப்படித்தான் பேசுவார்கள். மறுநாள் அதே வாயால் மாம்பழம் கொடுப்பார்கள். ஆனால் ஒருத்தன் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. அது கிழவியின் வார்த்தையை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டது.

அந்த ஞாயிறு சமுத்திரம் மாந்தோப்புக்கு வரும்போது மசமசவென்று வெளுத்துக்கொண்டிருந்தது. தடத்துக்குக் குறுக்கே கம்பி அவிழ்க்காமல் கிடந்தது. மூன்று நாளாக யானை நடமாட்டம், கிழவி கண் மூடியிருக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். "மதினி! ஏ மதினி! சைக்கிள்காரக வெள்ளென வாராக, கம்பியை அவுத்துருங்க" என்று கூப்பிட்டார். குடிசைக்குள்ளிருந்து "ம்... அவுக்கேன்" என்று குரல் வந்தது. கை கம்பி வரைக்கும் போயிற்று. சத்தியம் நினைவுக்கு வந்து திரும்பிவிட்டது. பாட்டில் குலுங்காமல் குனிந்து அந்தப் பக்கம் போனார்.

மேட்டில் ஏறியதும் அவர் போடுமுன்னே ஜெபக்குமாரே போன் போட்டுவிட்டான். "அண்ணே, போன வாரம் மணப்பாட்டுக் கடக்கரை மணல்ல ஓட்டிட்டு வந்தோம். அடுத்த மாசம் நீங்களும் வாரீங்க. உங்க பேருக்காச்சும் ஒரு தடவ கடலைப் பாக்க வேண்டாமா?"

சமுத்திரத்துக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில், இந்நேரம் மதினி அவிழ்த்திருப்பாள் என்கிற நம்பிக்கையில், சொல்லிவிட்டார்: "தடம் சுத்தம்."

அட பாவி மனுஷா! திரும்பி ஒரு நடை போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?

ஓடைக்கரையில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கும்போது பாட்டில் சத்தம் கேட்டது. யானை மோதினால் சத்தம் நீளமாக, இழுத்துக்கொண்டே போகும். இது ஒரே ஒரு தடவை கேட்டு நின்றுவிட்டது. பீடியைப் போட்டுவிட்டு ஓடினார். இறக்கத்தில் முதலாவதாக வந்தவன் ஜெபக்குமார். யானையின் நெஞ்சு உயரம், சைக்கிளில் எழுந்து நிற்கிறவனுக்குக் கழுத்து உயரம். சைக்கிள் தனியாக இருபது அடி தள்ளிக் கிடந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே உயிர் போய்விட்டது.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். சைக்கிள்காரர்கள் சுற்றி நிற்க, "காலைல நீ நடந்து வாரப்போ கம்பி இருந்துச்சா?" என்று கேட்டார்.

அத்தனை கண்ணும் சமுத்திரத்தின் மேல். இருந்தது என்றால், அப்புறம் ஏன் சுத்தம் என்றாய் என்று கேட்பார்கள். "இல்லைங்கய்யா."

தன் தலை தப்பினால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தார். சொல்லி முடித்த பிறகுதான், அந்த வார்த்தை எங்கே போய் விழுகிறது என்று தெரிந்தது.

"அப்போ நீ தாண்டிப் போனப்புறம், அந்தக் கிழவி வேணும்னே வெளிச்சத்துல கட்டியிருக்கா" என்றார் இன்ஸ்பெக்டர். ஒருத்தன் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினான். கொலை வழக்கு ஆகிவிட்டது.

கருத்தம்மாளுக்கு ஒன்றும் ஓடவில்லை. தூக்கக் கலக்கத்தில் பதில் சொன்னதுகூட அவளுக்கு நினைவில் இல்லை. "நேத்துச் சாயங்காலம் கட்டினதுய்யா, அசந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜீப்பில் ஏற்றும்போது சமுத்திரத்தைப் பார்த்து, "கொழுந்தனாரே, நீங்க பாத்திருப்பீகளே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். கொழுந்தனார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் மகாராஜபுரத்தில் இருந்தது. பழி ஜெயிலில் இருந்தது. ஜாமீன் நிற்க அவளுக்கு ஆள் இல்லை. தடத்தில் புல் மண்டிவிட்டது, சைக்கிள்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். சமுத்திரம் மட்டும் தினமும் சாயங்காலம் மாந்தோப்புக்குப் போய்க் கம்பி கட்டினார், விடிந்ததும் போய் அவிழ்த்தார். இது என்ன கிறுக்கு என்று செல்லத்தாய் பிடித்து உலுக்கியபோது எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

அவள் எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். பொறவு, "வெளிய சொல்லிப்புடாதீக. போன உசுரு திரும்பவா போகுது?" என்றாள்.

"ஒரு உசுரு இன்னும் உள்ள இருக்குடி" என்றார்.

ஆனாலும் வாய் திறக்கவில்லை. இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்றே ஆறு மாசம் போயிற்று. ஏழாம் மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டிலிருந்து சாட்சி சம்மன் வந்தபோது, அவர் மனசு ஒரு நிலைக்கு வந்தது. கேட்டால் சொல்லிவிடுவது. ஜெயிலானாலும் சரி. பஸ்ஸில் போகும்போதே "இருந்துச்சுய்யா, இருந்துச்சுய்யா" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பக்கத்துச் சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். வக்கீல் எழுந்து ஒரு காகிதத்தை நீட்டினார். கருத்தம்மாள் போன புதன்கிழமை நெஞ்சுவலி வந்து ஜெயிலிலேயே இறந்துபோனாள். சொந்தம் என்று ஆள் இல்லாததால் ஊருக்குச் சேதி வந்திருக்கவில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது. "சாட்சி போகலாம்" என்றார்கள்.

சமுத்திரம் நகரவில்லை. "அய்யா, கம்பி..." என்று ஆரம்பித்தார். டவாலி போட்ட கோர்ட் சேவகர் அவர் தோளைத் தொட்டு, "அதான் முடிஞ்சிருச்சுல்ல, போங்க" என்று வெளியே கொண்டுவந்து விட்டார். அடுத்த வழக்கின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் வெள்ளைச் சேலையில் பிரிஸ்கில்லா நின்றாள். ஜெபக்குமாரின் மனைவி. அவரைக் கண்டதும் தானாகவே கிட்ட வந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். அவரு போன்ல கடைசியாப் பேசினது உங்ககிட்டத்தான். என்ன பேசினாரு?"

"கடலைக் காட்டுதேன்னாரும்மா." இந்தத் தடவை நிறுத்தவில்லை. "நான் தடம் சுத்தம்னு சொன்னேன். கம்பி இருந்துச்சும்மா. கண்ணால பாத்தேன், குனிஞ்சுதான் வந்தேன். மதினி அவுத்துருவான்னு நெனச்சுட்டேன். அவ முந்தின நாளே கட்டினதுதான். போலீஸ்கிட்ட நான் சொன்னது பொய்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏழு மாசமா எல்லா ஜெபத்துலயும் ஒன்னே ஒன்னுதான் கேட்டேன். அந்த அம்மா உள்ளயே சாகணும்னு." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டது கெடச்சிருச்சு. இப்ப இதை நான் எங்க கொண்டு போய்ச் சொல்லட்டும், அண்ணே?"

சமுத்திரம் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். கோர்ட் கலைந்து, வாசல் கதவை இழுத்துச் சாத்தும் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.