மூன்று முறை அனுப்பிய விண்ணப்பம்

லவினியா மேசைக்கு அடியில் முழங்காலிட்டு, திரைகளின் மின்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஐந்து பேர் தங்கள் மவுஸ்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டார்கள்.

“போன வாரம் வாங்கின மவுஸ் மேடம். திரும்பக் கிடைக்குமா?” என்றான் இளங்கீரன்.

“ஓம், படிவத்தை முடிச்சாக் கிடைக்கும்.”

இளங்கீரன் கோயம்புத்தூர்க்காரன். அன்று சோதிக்கப்போகும் விடுமுறைப் படிவத்துக்கு நிரல் எழுதியவனே அவன்தான். மற்ற நால்வரோடும் ஜெர்மன் பேசும் இவர்கள் இருவரும், சண்டை பிடிக்க மட்டும் தமிழுக்கு வருவார்கள்.

அலுவலகங்களுக்கான மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் இருந்தது. புதிய பதிப்பு வெளியே போகுமுன் இந்தச் சோதனை நடக்கும். திரையும் மவுஸும் கிடையாது. விசைப்பலகையும், காதுக்குள் திரையை வாசித்துச் சொல்லும் குரலும்தான். ஐந்து பேரும் முடித்தால் லவினியா கையெழுத்து வைப்பாள். அவள் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகாது. அந்த விதியைக் கொண்டுவர அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது.

இளங்கீரன் ஐம்பத்தெட்டு விநாடியில் முடித்தான். எல்லாரிலும் மெதுவான ஊவே கூட இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. கைதட்டினார்கள். லவினியா கையெழுத்து வைத்தாள்.

இரண்டு மணிக்கு யூட்சன் வெள்ளைத் தடியோடு வந்தார்.

அவரை அவளுக்கு ஆறு வருடமாகத் தெரியும். அப்போது அவள் வாடிக்கையாளர் தொலைபேசியில் இருந்தாள். ஒரு ஆள் மிகவும் மரியாதையான ஜெர்மனில் சொன்னார்: உங்கள் மென்பொருளில் எனக்கு விடுமுறை எடுக்கத் தெரியவில்லை, எனக்குக் கண் தெரியாது, குரல் வாசிக்க உங்கள் பொத்தான்களுக்குப் பெயர் இல்லை. அந்த ஜெர்மனுக்குள் மன்னார்த் தமிழ் கேட்டது. “அண்ணை, நீங்கள் தமிழோ?” என்றாள் லவினியா. மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு, “பொத்தானுக்குத்தான் பேரில்லை எண்டு பாத்தன், உங்களுக்கு என்ன பேர் பிள்ளை?” என்றார்.

யூட்சன் ஒரு நகரசபை அலுவலகத்தின் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தார். அங்கே பதினொரு வருடமாக அவருக்காக விடுமுறை விண்ணப்பம் போட்டவள் பக்கத்து மேசைப் பீட்டர்சன். நல்ல மனுசி. ஆனால் அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் மூன்று மாடிக்கும் போய்விடும். யூட்சனின் மூலநோய் அப்படித்தான் போனது.

லவினியாவுக்கு அது விளங்கும். எட்டு வயதிலிருந்தே அவள் தங்கள் கட்டடத்தில் ஜெர்மன் தெரியாத தமிழ்க் குடும்பங்களுக்கு ‘அன்ராக்’ என்ற அரசாங்க விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தவள். யார் பிரியப் போகிறார்கள், யாருக்கு என்ன வியாதி, எல்லாம் அவளுக்குத் தெரியும். அக்காமார் டொபி இனிப்புத் தந்தார்கள். தந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

இந்த முறை யூட்சனுக்கு ஒரு நாள் விசேட விடுப்பு வேண்டும். காரணம்: சொந்தத் திருமணம். பிரேமன் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மக்டலீனுக்கும் அவருக்கும் அடுத்த மாதம் கல்யாணம். அவருடைய அலுவலகம் விண்ணப்பத்தை இந்த மென்பொருளில் மட்டும்தான் எடுக்கும். மறுநாள் வெள்ளி மத்தியானம் கடைசி. புதிய பதிப்பு இன்று ஆறு மணிக்குப் போனால் அவரே போடலாம். இல்லையென்றால் பீட்டர்சன்.

“இது ஒத்திகைதான் அண்ணை. உங்கட ஒஃபிசுக்குப் போகாது,” என்று லவினியா அவரை இருத்தினாள். பின்னால் எல்லாரும் நின்றார்கள். பார்ப்பவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது விதி.

யூட்சன் நிதானமாகக் கேட்டுக் கேட்டுப் போனார். திகதி சரி. காரணம் சரி. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார்.

திரையில் பச்சையாக ஒரு சரிக்குறி வந்தது. குரல் ஒன்றும் சொல்லவில்லை. யூட்சன் தலையைச் சரித்துக் கேட்டார். திரும்ப அழுத்தினார். இளங்கீரன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். யூட்சன் மூன்றாம் முறையும் அழுத்தினார்.

“பிள்ளை, இது போச்சுதோ, போகேல்லையோ?”

“மூண்டு தரம் போயிட்டுது அண்ணை.”

“மூண்டு கலியாணமோ! ஒருத்தியைப் பிடிக்கவே எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு.”

லவினியா சிரித்துவிட்டு இளங்கீரனிடம் திரும்பினாள். “காலமை உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது, போயிட்டுது எண்டு?”

“அதான் தெரியுமே. டேப் விசை பதினாலு தடவை, என்டர், ஓவர். நான்தானே எழுதினேன்.”

“குரலைக் கேட்டனீங்களோ?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். ஊவேயிடம் ஜெர்மனில் கேட்டாள். இரண்டு மாதமாக இதே படிவம்தானே, விரல்களுக்கே பாடம் என்றான்.

“நான் திரையைத்தான் பிடுங்கினனான். உங்கட ஞாபகத்தைப் பிடுங்கேல்லை,” என்றாள் லவினியா. காலையில் அவளும்தான் கைதட்டினாள். தாளை எடுத்துத் தன் கையெழுத்தைக் குறுக்கே வெட்டினாள்.

மேலதிகாரி டோர்த்தே தன் அறையிலிருந்து வந்தாள். “ஆறு மணிக்குப் போகாவிட்டால் அடுத்த பதிப்பு மூன்று வாரம் கழித்துத்தான். உன் நண்பரிடம் ஒரு முறை அழுத்தினால் போதும் என்று சொல்லிவிடேன்.”

“இவரிடம் சொல்லலாம். எனக்குத் தெரியாத ஆட்களிடம் யார் சொல்வது?”

“அப்படியானால் இவருக்கும் நாளைக்கு இல்லை.”

“தெரியும்,” என்றாள் லவினியா. யூட்சனின் பக்கம் பார்க்கவில்லை.

யூட்சனுக்கு ஜெர்மன் விளங்கும். “நீங்கள் வேலையைப் பாருங்கோ. நான் இருக்கிறன். வீட்டில ஆர் பாத்துக்கொண்டு இருக்கினம்? இன்னும் கட்டேல்லையே,” என்றார்.

அவர் சமையலறையில் லவினியா கொண்டுவந்த மீன் பற்றிஸ் பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்தார். நான்கு மணிக்கு இளங்கீரன் படிவத்தைத் திருத்திவிட்டுக் கூப்பிட்டான். யூட்சன் அழுத்தினார். குரல் “சரி” என்றது.

“என்ன சரி தம்பி?”

“அனுப்பியாச்சுன்னு அர்த்தம் அண்ணா.”

“அப்ப அதைச் சொல்லச் சொல்லும். உமக்கென்ன, சொல்லுக்குக் காசே?”

ஐந்தேகாலுக்குக் குரல் முழுதாகச் சொன்னது: விண்ணப்பம் அனுப்பப்பட்டது, ஒரு நாள், சொந்தத் திருமணம். யூட்சன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

“இன்னொரு ஆள் வேணும். இதைக் கண்ணாலயே காணாத ஆள்,” என்று லவினியா கீழே ஓடினாள். வேலை முடித்துக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த பல் வைத்தியரின் உதவியாளரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் இருட்டுத் திரையின் முன் இருந்து இரண்டு முறை வழி தவறினாள், ஒரு முறை வைதாள், பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தாள்.

“போய்விட்டது!” என்று அவளே கத்தினாள்.

லவினியா ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் புதிய தாளில் கையெழுத்து வைத்தாள். அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்: படிவத்தைச் செய்தவர்கள் இனி அதைச் சோதிப்பதில்லை.

மறுநாள் மழை. எஸ்-பான் ரயில் ஒன்பது நிமிடம் பிந்தியது. லவினியா வெறும் பிஸ்கட் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பத்து நாற்பதுக்கு யூட்சன் ஒரு குரல்செய்தி அனுப்பினார்: ஒரு தரம்தான் அழுத்தினது, போயிட்டுது. பதினொன்றரைக்கு அவரே பீட்டர்சனிடம் கல்யாணத்தைச் சொன்னார். பன்னிரண்டுக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்தது. அடுத்த படிவத்துக்கான கூட்டம் ஒரு மணிக்கு நடந்தது. இளங்கீரன் கீழே போய், அதைச் சோதிக்க உதவியாளருக்கு எப்போது நேரம் என்று பல் வைத்தியரிடம் கேட்டு வந்தான்.