கதவு இன்னும் ஆடுகிறது

என் பழைய அம்பாசிடரில் எல்லாம் சரியாகிவிட்டது. கதவின் உள்பக்க அட்டையைப் பிடிக்கிற கிளிப்தான் எங்கேயும் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கொஞ்சம் கண்ணில் பட்டது. நான் கை வைப்பதற்குள் இன்னொருவர் அள்ளிவிட்டார். கறம்பக்குடிக்காரர், அவரிடமும் அதே கார்.

"நான்தாங்க மொதல்ல பாத்தேன்!" விடுவேனா நான்?

அவர் சிரித்தார். "சண்டை எதுக்குண்ணே? ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம். மிச்சத்தச் சேந்து தேடுவோம்."

அன்றிலிருந்து ஞாயிறானால் போதும், "கெளம்பிட்டீங்களாண்ணே? வாரேன்" என்று போன் வந்துவிடும். திருமயம், பொன்னமராவதி என்று அவர் காரிலேயே சுற்றுவோம். தேடுவது கொஞ்சம், டீயும் பேச்சும்தான் அதிகம். மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அவரோடுதான்.

போன மாதம் தனியாகத் திருச்சி போனபோது, ரெண்டு காருக்கும் போதுமான கிளிப் கிடைத்தது. வாங்கிவந்து பீரோவில் ஒளித்துவைத்தேன். தேடல் முடிந்தால் போனும் நின்றுவிடுமே.

மனசு உறுத்தியது. நேற்று சொல்லிவிடலாம் என்று பையில் எடுத்துப் போனேன்.

"அண்ணே, டேஷ்போர்டு டப்பாவுல என் மூக்குக்கண்ணாடி இருக்கும், எடுங்க" என்றார் வண்டியை ஓட்டிக்கொண்டே. திறந்தேன். கண்ணாடிக்குப் பின்னால், பிரிக்காத கிளிப் பாக்கெட் ஒன்று தூசி படிந்து கிடந்தது.

கண்ணாடியைக் கொடுத்துவிட்டு மெல்ல மூடினேன்.

"கீரனூர்ல ஒரு கடை இருக்காம் தம்பி. அடுத்த வாரம் போவமா?"

"போவோம்ணே."

கதவு லொடலொடவென்று ஆடிக்கொண்டே வந்தது.