குடி வராத ஒன்பது வீடுகள்

எங்கள் வீட்டு முன்புறத்தில் பன்னிரண்டடிக்குப் பத்தடி மண் இருக்கிறது. அதை நான் தோட்டம் என்பேன். என் மனைவி 'அந்த எடம்' என்பாள். ஒரு கறிவேப்பிலை, ஒரு நந்தியாவட்டை, இரண்டு செம்பருத்தி, நானே நட்டு என்ன கொடி என்று எனக்கே மறந்துபோன ஒரு கொடி. அவ்வளவுதான் அதன் சொத்து. சென்ற ஐப்பசி மழையில் அங்கிருந்து ஒரு சாரைப்பாம்பு புறப்பட்டு, வாசல்படி ஏறி, என் செருப்பின் மேல் சற்று நேரம் ஓய்வெடுத்துவிட்டுப் போனது. அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது.

"பொங்கல் முடிஞ்சதும் கொத்தனார வரச் சொல்லிட்டேன். மொத்தமா சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம். வண்டி நிறுத்தவும் எடமாச்சு."

"பாம்பு படுத்தது என் செருப்புல. நானே சும்மா இருக்குறேன், உனக்கு இன்னா?"

"செருப்பு உங்களுது. அத கழுவுனது நானு."

நியாயம்தான். ஆனால் அந்த மண்ணை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. செஞ்சி கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருப்பவன் நான். பகல் முழுக்கத் தின்னர் வாசத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் அரை மணி நேரம் காப்பித் தம்ளரோடு அந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும்போதுதான் எனக்கும் ஒரு மூக்கு இருப்பது நினைவுக்கு வரும். டைல்ஸ் மேல் வெறுங்காலோடு நிற்கலாம்தான். பாத்ரூமில் தினமும் நிற்கிறேன்.

இந்த நிலைமையில் கார்த்திகையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சென்னை போனோம். இறங்கிய உறவுக்கார வீட்டில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு தோட்டம். அதில் குச்சி குச்சியாக நட்டு, உச்சியில் பறவை வீடுகள். சிவப்புக் கூரை, மஞ்சள் சுவர், நீலத்தில் ஓட்டை. தோட்டத்துக்கே பொட்டு வைத்தது போல இருந்தது. நான் ஒவ்வொரு ஓட்டையிலும் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

"இதுல எந்தக் குருவி இருக்குதும்மா?" என்று அந்த வீட்டு மருமகளைக் கேட்டேன்.

"குருவியா? அதெல்லாம் வராது அங்கிள். சும்மா அழகுக்கு."

திண்டிவனம் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் எனக்கு இதே யோசனை. யாரும் குடியிருக்காத வீட்டை அழகுக்குக் கட்டுவதா? பறவைக்கு நிறம் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால், பச்சை வீடா மஞ்சள் வீடா என்று வந்து பார்க்காதா? முப்பது வருஷமாக ஊருக்கே நிறம் விற்றவன், ஒரு குருவியிடம் விற்க முடியாதா? வீடு வந்து சேர்வதற்குள் திட்டம் தயாராகிவிட்டது.

"நம்ம தோட்டத்துல ஒரு பறவ வந்து கூடு கட்டிட்டா?" என்றேன்.

"கட்டிட்டா டைல்ஸ் வேணாம்."

"சத்தியமா?"

"பொங்கலுக்குள்ள கட்டணும். பறவன்னா பறவ. கடையில இருந்து பிளாஸ்டிக் கிளிய எடுத்தாந்து வெக்கக் கூடாது."

அந்த யோசனை என் மனதின் மூலையில் இருந்தது உண்மைதான். அதை அவள் எப்படிப் பார்த்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

என் கடைக்கு வார்னிஷ் வாங்க வரும் தச்சர் ஒருவரைப் பிடித்தேன். ஒரு பெட்டி, சாய்வான கூரை, ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு ஓட்டை. இவ்வளவுதான் கேட்டேன்.

"கதவு?" என்றார்.

"வேணாம்."

"நெலவாசலு?"

"குருவிக்கு எதுக்குய்யா நெலவாசலு?"

"அண்ணே, நெலவாசலு இல்லாம எங் கையால ஒரு வீடு வெளிய போனதில்ல. நீங்க வேற ஆளப் பாருங்க."

ஆக, ஓட்டையைச் சுற்றி விரல் தடிமனில் நிலை வந்தது. நான் எட்டு கேட்டிருந்தேன். "எட்டு ஆவாது" என்று அவரே ஒன்பதாகச் செய்தார். எல்லா வாசலும் கிழக்குப் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு நிலைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். நான் அவரைக் கேலி செய்தேன். ஆனால் மாட்டுகிற அன்று காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டிப் பால் காய்ச்சினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிறத்துக்கு எனக்குப் பஞ்சமில்லை. கல்யாண மண்டபத்துக்காகக் கலந்து, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்காமல் திரும்பி வந்த ரோஸ். யாரும் தொடாத ஓர் ஊதா. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு. டப்பா அடியில் மிஞ்சியதெல்லாம் கூரையும் சுவருமாக ஆயின. சுற்றுச்சுவர் ஓரமாக இரும்புக் குழாய் நட்டு ஒன்பதையும் ஏற்ற இறக்கமாக மாட்டினேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. பச்சை இலைகளுக்கு நடுவே அந்த ஊதா கூட ஒரு நிறம் போலத் தெரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். கீரை விற்கும் அம்மாள் ஒன்று இரண்டு என்று விரல்விட்டு எண்ணி, நவக்கிரகம் என்று முடிவுகட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் தச்சர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "இத்தினி பேரு பாக்குறாங்க. கண்ணுபட்டா ஒண்ணும் வெளங்காதுண்ணே."

கண்ணேறுக்கு மருந்து என் கடையிலேயே தொங்குகிறது. பெயிண்டோடு திருஷ்டித் தலையும் விற்கிறேன். புது வீடு கட்டுகிறவர்கள் சாரத்தில் கட்ட வாங்கிப் போவார்கள். சுட்ட மண்ணில் குடம் போல உள்ளே வெற்றாக ஒரு முழுத் தலை. அகலத் திறந்த வாய், இரண்டு பக்கமும் கொம்பு, தட்டு தட்டாக இரண்டு கண். அதில் இரண்டை எடுத்து வந்து, வீடுகளின் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தொங்கவிட்டேன். பிறகு காப்பித் தம்ளரோடு காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு காக்கை ரோஸ் கூரை மேல் இறங்கப் போய், பாதி வழியில் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டது. பதினைந்து நாள் கழித்து ஊதா வீட்டில் ஓர் அணில் குடிவந்தது. ஓட்டையைக் கடித்துப் பெரிதாக்கி, எங்கள் மிதியடியிலிருந்து நாரை உருவி உள்ளே கொண்டுபோனது. நான் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

"அதுக்கு றெக்க இருக்குதா?" என்றாள்.

"மரத்துக்கு மரம் பறக்குது இல்ல?"

"நீங்களும்தான் பதினஞ்சு நாளா பறக்குறீங்க. உங்களயும் பறவன்னு எழுதிக்கலாமா?"

மார்கழி பிறந்துவிட்டது. எனக்கு இப்போது தோட்டத்தைவிடக் கேள்வி பெரிதாகிவிட்டது. பறவை எப்படித்தான் வீடு பார்க்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். ஊரில் பறவைகள் நிறையக் குடியிருக்கும் இடம் அதுதான். கல்யாண மகாலைச் சுற்றியுள்ள சுவர்களில் மைனா, கிளி, புறா, குருவி என்று பொந்துக்குப் பொந்து ஆள் இருந்தது. எட்டிய பொந்துகளையெல்லாம் அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பார்த்த காவல்காரர் பின்னாலேயே வந்தார்.

"இன்னா சார், கோட்டைய வெல பேசுறீங்களா?"

"இல்லைங்க, குருவி எப்படி வீடு கட்டுதுன்னு பாக்க வந்தேன்."

அவர் என் கையிலிருந்த டேப்பையும் காகிதத்தையும் பார்த்தார். பிறகு, "வெயிலுக்கு முன்னாடி கெளம்பிடுங்க சார்" என்று பரிவாகச் சொன்னார்.

அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு பொந்து ஒன்றரை அங்குலம், ஒன்று நான்கு. கிழக்குப் பார்த்ததும் உண்டு, தெற்குப் பார்த்ததும் உண்டு. தச்சரிடம் சொன்னால் மனம் வருந்துவார். ஒரே ஒரு விஷயம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்தது. எந்த வாசலும் நேராகக் கண்ணில் படவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, ஒரு தூணுக்குப் பின்னால், செடி மறைப்பில் என்று, பறவை உள்ளே நுழைகிறபோதுதான் அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரிந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வல்லத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். நாலு திருஷ்டித் தலை வேண்டும் என்றார்.

"நாலு வீடு கட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

"வீடா? கொல்லைக்குங்க. மல்லாட்ட வெதச்சிருக்குறேன். காக்கா, மைனா, மயிலுன்னு எல்லாம் வந்து வெதக் கடலையக் கெளறுது. இந்தத் தலைய கொம்புல சொருகி நட்டுட்டா ஒண்ணு எறங்காது. கண்ணு பெருசா இருக்குது பாருங்க, அதுக்கே ஓடிடும்."

நான் தலைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"ஒண்ணுமே எறங்காதா?"

"ஒண்ணே ஒண்ணு நட்டுப் பாருங்க கடக்காரரே. ஒரு ஈ, குருவி அண்டாது. ஏன், உங்க வீட்லயும் தொல்லையா?"

தொல்லைதான் என்றேன். யாரால் என்று சொல்லவில்லை. குருவிக்கு ஒன்பது வீடு கட்டி, வாசலுக்கு இரண்டு பக்கமும் குருவி விரட்டியை நிறுத்தி, ஒரு மாதமாக ஏன் வரவில்லை என்று கோட்டைச் சுவரை அளந்தவன் நான் என்பதை வல்லம் வரைக்கும் அனுப்ப வேண்டாம் என்று தோன்றியது.

மதியமே வீட்டுக்கு ஓடி இரண்டு தலைகளையும் இறக்கினேன். ஒன்று கை தவறி உடைந்தது. மற்றதைக் குப்பையில் போட மனம் துணியவில்லை. திருஷ்டி கழித்த பொருளை அப்படிப் போடக் கூடாது. கறிவேப்பிலைக்குப் பின்னால் சுற்றுச்சுவர் மூலையில் ஓர் ஆணி இருந்தது. முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி அதில் மாட்டினேன். பள்ளிக்கூடத்தில் என்னை நிற்கவைப்பார்களே, அதே மாதிரி.

அப்புறமும் ஒன்பது வீடும் காலியாகவே கிடந்தன. எட்டு என்று சொல்ல வேண்டும், அணிலைக் கழித்தால். அவையெல்லாம் தெருவைப் பார்த்துப் பளபளத்துக்கொண்டு நின்றன. பொங்கல் வந்தது, போனது. மாட்டுப் பொங்கலன்று மனைவி இலையில் எனக்கு ஒரு கரண்டி கூடுதலாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். தோற்றவனுக்கு வைப்பது. சாப்பிட்டேன்.

நான்காம் நாள் கொத்தனார் வந்தார். முப்பது வயது இருக்கும், சுறுசுறுப்பான ஆள். மூலைக்கு மூலை நூல் பிடிக்க வேண்டும் என்று கறிவேப்பிலைக் கிளையை ஒதுக்கி, ஆணியில் இருந்த தலையைத் தூக்கக் கையை நீட்டினார். விர்ரென்று ஏதோ அவர் காதை உரசிக்கொண்டு பறந்தது. மதிலில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக் கத்தியது. சிட்டுக்குருவி.

கொத்தனார் செல்போன் வெளிச்சத்தை அடித்துச் சுவருக்கும் தலைக்கும் நடுவே பார்த்தார். இரண்டு விரல் சந்து. அதற்குள் திறந்த வாய். வாய்க்குள் எங்கள் மிதியடி நார்.

"முட்ட இருக்குதுங்க. நாலு."

அவர் நூலைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, சுத்திட்ட?" என்றாள் மனைவி.

"எம் பொண்டாட்டிக்கு ஆறு மாசம்க்கா. இப்ப நான் ஒரு கூட்டக் கலைக்க மாட்டேன்."

"கலைக்க வேணாம்ப்பா. அப்டியே தூக்கி அந்தாண்ட வெச்சிட்டா?"

"நீங்க தூக்கி வைங்க. நான் வேணும்னா முதுகக் காட்டிக்கினு நிக்கிறேன்."

மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவள் சந்துக்குள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டூலைப் பிடித்த என் கை வலிக்கிற அளவுக்குப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"உங்க ஒம்போது வீட்டுல ஒண்ணுல கூட வரல" என்றாள் என்னிடம்.

"பறவன்னா பறவ. நீ சொன்னது."

"பொங்கலுக்குள்ளன்னும் சொன்னேன்."

"நாலு முட்ட இருக்குது. கூட்ட எப்ப கட்டியிருக்கும்? கணக்குப் பாரு."

அவள் கணக்குப் பார்க்கவில்லை. கொத்தனாரிடம் திரும்பி, "குஞ்சு பறக்கட்டும் தம்பி, அப்பறம் ஃபோன் பண்ணு" என்றாள். ஆக, நான் ஜெயித்தேனா தோற்றேனா என்பது தீர்ப்பாகவில்லை. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மாசி தொடக்கத்தில் குஞ்சுகள் பறந்தன. கடைசிக் குஞ்சு பறக்கப் பயந்து ரோஸ் வீட்டின் கூரை மேல் அரை நாள் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக்கு அதுவரை வந்த ஒரே விருந்தாளி. அதை முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டுக் காட்டியதே மனைவிதான்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை. நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அவள் போன் அடித்தது.

"சொல்லு தம்பி... வீட்ல எப்படி இருக்குறாங்க?... இல்லப்பா, இன்னும் பறக்கல... ஆமா, நானும் தெனம் பாக்குறேன். இது கொஞ்சம் லேட்டு போல. நானே சொல்றேன்."

நான் காதில் விழாதவன் போல இருமினேன். இருமலே காட்டிக்கொடுத்திருக்கும். காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பழக்கத்தில் செருப்பை உதறிப் பார்த்துவிட்டு, அதைப் படியிலேயே விட்டு மண்ணில் இறங்கினேன்.