மாமியைப் படமெடுத்த நாள்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில், லிங்கநகரில் எங்கள் குறுகலான ஒழுங்கையின் பொதுக் கிணற்றடியில் பக்கத்து வீட்டு மாமி குப்பைப் பை போட்டதைப் படமெடுத்து முகநூலில் ஏற்றினேன்.

குப்பையால் கிணறு கெட்டு, குடிதண்ணீர் பவுசர் வண்டியில்தான் வருகிறது. தண்ணீர் வரிசையில் வைத்துவிட்டுப் போனவரின் கலனையும் பின்னால் நிற்பவர் முன்னே நகர்த்திவிடுவது எங்கள் வழக்கம். படத்தை ஒழுங்கையே பார்த்திருந்தது; மறுநாள் நான் வைத்துவிட்டுப் போன கலனை யாரும் தொடவில்லை. நான் திரும்பி வந்தபோது பவுசர் போய்விட்டிருந்தது.

“படிச்ச பிள்ளைக்கு, குப்பை வண்டி ஒழுங்கைக்குள்ள வாறேல்லை எண்டு தெரியாதோ? இந்தக் காலோட றோட்டடிக்கு நடக்க எனக்கு ஏலாது. அதையும் படம்பிடிச்சுப் போடன்!” என்றார் மாமி.

படத்தை அழித்தேன். இப்போது வண்டி வரும் நாளில் மாமியின் பையையும் நானே கொண்டுபோகிறேன். அவர் அதை வாசல் படலையில் தொங்கவிட்டுவிடுவார். இன்னும் என்னுடன் கதைப்பதில்லை.