சாண்டி என்றொரு பெயர்: மட்டாஞ்சேரியில் இரண்டு நாள்

கடந்த ஜனவரியில் மட்டாஞ்சேரி போயிருந்தேன். தங்கை ஸ்டெல்லாவின் மகனுக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். குழந்தைக்கு அவள் மாமனார் பெயரான சாண்டியையே வைக்கப்போகிறார்கள் என்று கேட்டதும், அம்மா வரமாட்டேன் என்று கோவையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சண்டி மாடுன்னு ஊரே சிரிக்கும் கண்ணு. கோயில்ல பேரைச் சொல்லப்போறது நீதான? வேற பேராச் சொல்லிப்போடு."

கோவையிலிருந்து எர்ணாகுளம் ஏறக்குறைய 190 கி.மீ. ரயிலில் நான்கு மணி நேரம். படகுத்துறைக்கு ஆட்டோ எழுபது ரூபாய். போர்ட் கொச்சிக்கு அரசுப் படகு இருபது நிமிடம், டிக்கெட் ஆறே ரூபாய் (காற்று இலவசம்). அங்கிருந்து மட்டாஞ்சேரி இரண்டரை கி.மீ., ஆட்டோவுக்கு அறுபது. ஸ்டெல்லாவின் வீடு மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், இறங்கியதுமே தும்மல்.

மாமனார் சாண்டி, தமிழ்நாட்டு வியாபாரிகளோடு பழகிப் பாதித் தமிழ் பேசுபவர். அவரே சாயா கொண்டுவந்து தந்தார். அதைக் குடித்துக்கொண்டே மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

"அம்மைக்குச் சங்கடம்னா வேற பேரு சொல்லு மோளே. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சாண்டின்னா அலெக்சாண்டர் தன்னே, கேட்டோ."

கிரேக்கத்தில் 'அலெக்சோ' என்றால் காப்பது. 'ஆண்ட்ரோஸ்' மனிதனைக் குறிக்கும். மனிதர்களைக் காப்பவன். உலகை வெல்லப் புறப்பட்ட அந்த மன்னனுக்கு முன்பே இருந்த பெயர். சிரியன் கிறிஸ்தவர்களிடம் வந்து, கேரள வீடுகளில் தலை தேய்ந்து சாண்டி ஆகிவிட்டது.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டு மாமனாரிடமே கொடுத்தேன். ஸ்பீக்கரில் அம்மா: "ஏனுங்க, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க கேட்டதே இல்லல்லோ!"

மறுநாள் பத்தரை மணிக்கு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பதினொன்றுக்குச் சடங்கு. குழந்தையின் பெயர் என்ன என்று பாதிரியார் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல்: "சாண்டிங்க!"

போகிறவர்களுக்கு: கடைத்தெருவையும் கிடங்குகளையும் பத்து மணிக்கு முன்பே பார்த்துவிடுங்கள், பிறகு வெயிலில் நடக்க முடியாது. வழி கேட்கும்போது தேவாலயத்தைப் 'பள்ளி' என்றுதான் கேட்க வேண்டும். கீவர்கீஸ், பீலிப்போஸ் என்று யாராவது பெயர் சொன்னால் அதன் கதையைக் கேளுங்கள். ஆனால் திரும்பும் படகுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கேளுங்கள். சுருக்கமாகச் சொல்பவர் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை.